பிரேக் மிதித்தால் பின்வாங்கும் சட்டம்: வீட்டில் கட்டிய ரேசிங் சிமுலேட்டர் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோயம்புத்தூருக்குக் கார் பந்தயம் புதிதல்ல. 1980-களின் இறுதியில் பந்தய வீரர் கரிவரதன் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கியது இந்த ஊரில்தான். செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் தடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 2005-இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர். அதனால் இங்கே பட்டறையிலும் கல்லூரியிலும் பந்தயப் பேச்சு சாதாரணமாகக் காதில் விழும். ஆனால் தடத்தில் இறங்கி ஓட்டிப் பழக ஆகும் செலவை எல்லா வீடும் தாங்காது.

இந்த ஆய்வில் வருபவர் இருபது வயது இளைஞர், மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவர். நான் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். கோ-கார்ட் என்ற சின்னப் பந்தய வண்டியைச் சில முறை ஓட்டியிருக்கிறார். ஒற்றை இருக்கை ஃபார்முலா காரில் ஒரு நாள் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது அவர் இலக்கு. அதற்குள் வீட்டிலேயே ஒரு சிமுலேட்டரில், அதாவது கணினிப் பந்தய விளையாட்டை ஸ்டீயரிங், பெடலோடு ஓட்டும் அமைப்பில், கைகாலைப் பழக்கிக்கொள்ள நினைத்தார். அவரிடம் இருந்தவை: பழையதாக வாங்கிய பல்சக்கர வகை ஸ்டீயரிங், அதோடு வந்த மூன்று பெடல்கள், ஒரு கணினி, 27 அங்குலத் திரை. அவருடைய தாய்மாமா கணபதி பகுதியில் கிரில், கேட் செய்யும் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். நான் பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் டிசைன் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணக்குப் போட்டுக் கொடுத்தது, அளவெடுத்தது, பல இடங்களில் கருத்துச் சொன்னது என் பங்கு. சில கருத்துகள் தவறாகவும் போயின. அவற்றையும் எழுதுகிறேன்.

முதல் சட்டத்தில் கண்டவை

நான் போய்ப் பார்த்தபோது இவற்றைத் தாங்க 18 மி.மீ. பிளைவுட்டில் ஒரு சட்டம் (ஃபிரேம்) ஏற்கெனவே இருந்தது. பெடல்களைத் தாங்கிய பலகை, கடைசித் தாங்கலுக்கு முன்னால் 45 செ.மீ. நீட்டிக்கொண்டிருந்தது. உட்கார, சக்கரம் கழற்றிய ஓர் அலுவலக நாற்காலி.

தம்பியின் புகார் ஒன்றுதான். "அண்ணா, ஒரே வளைவுக்கு ஒவ்வொரு சுற்றும் வேற வேற மாதிரி பிரேக் பிடிக்குது. கால் பழகவே மாட்டேங்குது."

அசெட்டோ கோர்சா என்ற கணினிப் பந்தய விளையாட்டில் இத்தாலியின் மஜியோனே தடத்தில் பத்துச் சுற்று ஓட்டச் சொன்னேன். இரண்டரை கிலோமீட்டர் நீளமுள்ள சின்னத் தடம் அது, பிரேக் வேலை அதிகம். அவருடைய நல்ல சுற்றுக்கும் மோசமான சுற்றுக்கும் 2.6 வினாடி வித்தியாசம் வந்தது. முன் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு கார் நேராகப் போனது ஆறு முறை. அவர் ஓட்டும்போது பக்கவாட்டில் தரையில் செல்போனை வைத்து வீடியோ எடுத்தேன். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு முறை பிரேக் மிதிக்கும்போதும் பெடல் பலகை முன்னால் குனிந்தது, நாற்காலி பின்னால் சாய்ந்தது. கால் விட்டதும் இரண்டும் திரும்பி வந்தன. ஆனால் பழைய இடத்துக்கே வரவில்லை.

அப்புறம் அளந்தோம். வீட்டில் எடை பார்க்கும் தராசைப் பெடல் பலகையின் முகப்பில் வைத்து, அது 60 கிலோ காட்டும் வரை மிதிக்கச் சொன்னேன். பலகையின் முனை 13 மி.மீ. இறங்கியது. நாற்காலியின் முதுகு 9 மி.மீ. பின்னால் போனது. 60 கிலோ என்பது மிகையான எண் அல்ல. கால் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டர் இல்லாத பந்தயக் கார்களில் பலமான பிரேக்குக்கு அந்த அளவு அழுத்தம் சாதாரணம்.

இந்த 22 மி.மீ. ஏன் பெரிய விஷயம்? அவருடைய பெடல் தன் அடிப்பாகத்திலிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை மட்டுமே அளக்கிறது. அடிப்பாகமே நகர்ந்துபோவது அதற்குத் தெரியாது. கால் நகர்ந்த தூரத்தில் ஒரு பகுதி பெடலுக்குப் போகிறது, மீதியை மரம் வாங்கிக்கொள்கிறது. அந்தப் பங்கு ஒவ்வொரு முறையும் மாறினால் கால் எதைத்தான் நினைவில் வைக்கும்?

எதை முதலில் மாற்றுவது

தம்பி சேர்த்து வைத்த பணத்தில் டைரக்ட் டிரைவ் ஸ்டீயரிங் வாங்குவதாக இருந்தார். இந்த ஸ்டீயரிங்குகளில் ஒரு மோட்டார் கையை எதிர்த்துத் திருகி, காரின் உணர்வைத் தரும். அந்த மோட்டார் தண்டிலேயே நேராக ஸ்டீயரிங்கைப் பொருத்தும் வகை இது. அவரிடம் இருந்த பல்சக்கர ஸ்டீயரிங் இரண்டு நியூட்டன் மீட்டர் அளவுதான் திருகும். புதிய வகையில், மாடலைப் பொறுத்து, அதுபோல இரண்டு முதல் நான்கு மடங்குக்கு மேலும் கிடைக்கும். கையில் உணர்வு கூடும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் நான் வேண்டாம் என்றேன். அந்தப் பிளைவுட் மேல் பலமான மோட்டாரை வைத்தால் மோட்டார் சட்டத்தைத்தான் ஆட்டும். கைக்கு வர வேண்டிய நுணுக்கம் பலகையின் அதிர்வாகக் கரைந்துவிடும். தம்பிக்கு அரை மனசுதான். அன்று மாலை மாமா வந்து ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். மேடை முழுவதும் அவரோடு வந்தது. "மாப்ளே, கேட்டுக்குக் கீல் ஆடுச்சுன்னா பூட்டு எவ்வளவு விலைக்கு வாங்குனாலும் பிரயோஜனமில்லை" என்றார். நான் காகிதத்தில் போட்ட கணக்கைவிட அந்த ஒரு வார்த்தைதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

முடிவு: சட்டம் முதலில், பிரேக் இரண்டாவது. ஸ்டீயரிங் பழையதே இருக்கட்டும். ஆனால் பின்னால் பெரிய மோட்டார் வந்தாலும் தாங்குவதுபோல் மேடையைக் கட்டிவிட வேண்டும்.

உட்காரும் நிலை

இரும்பை வெட்டும் முன் ஒரு ஞாயிறு முழுவதும் செங்கல், பழைய புத்தகங்கள், அட்டைப்பெட்டி ஆகியவற்றோடு தரையில் கழிந்தது. உக்கடம் பக்கம் பழைய சாமான் கடையில் சிறிய கார் ஒன்றின் முன் இருக்கையை, நகரும் தண்டவாளத்தோடு சேர்த்து வாங்கியிருந்தோம். அதைச் செங்கல் மேல் வைத்துத் தம்பியை உட்கார வைத்தோம். பிரேக்கை முழுக்க மிதித்த நிலையிலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். தோள் முதுகுச் சாய்வை விட்டு எழாமல் மணிக்கட்டு ஸ்டீயரிங் வளையத்தின் மேல் விளிம்பில் படிய வேண்டும். குதிகால் தரையில் இருக்கும்போது பெருவிரலுக்குக் கீழே உள்ள சதைப்பகுதி பெடலின் நடுவில் உட்கார வேண்டும். இந்த மூன்றும் ஒத்துவரும் வரை செங்கல்லை நகர்த்திக்கொண்டே இருந்தோம். ஒத்துவந்த அளவுகளைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டோம்.

படம் வரைய நானே விரும்பியிருப்பேன், ஆனால் உடம்பை வைத்து அளந்ததுதான் சரியான முறை. இருக்கைக்கும் பெடலுக்கும் இடையில் நான் காகிதத்தில் போட்டிருந்த இடைவெளி 7 செ.மீ. குறைவாக இருந்தது.

சட்டத்தின் கணக்கு

கால் 60 கிலோ தள்ளினால் முதுகும் அதே 60 கிலோவைப் பின்னால் தள்ளுகிறது. இரண்டு விசையும் ஒரே இரும்பின் வழியாகச் சந்தித்து அடங்க வேண்டும். நடுவில் ஒரு போல்ட் இணைப்போ, திருப்பமோ, மெல்லிய தகடோ வந்தால் அங்கே நெகிழும். அதனால் இருக்கைக்குக் கீழிருந்து பெடல் வரை இருபுறமும் வெட்டில்லாமல் ஓடும் இரண்டு நீளப் பைப்புகள்தான் சட்டத்தின் உயிர் என்று முடிவு செய்தோம். நீளம் 1.4 மீட்டர்.

மாமாவிடம் 40-க்கு 40 சதுரப் பைப் கையிருப்பில் இருந்தது. அதுவே போதும் என்பது அவர் எண்ணம். நான் 80-க்கு 40 பைப்பை உயரவாக்கில் நிறுத்தி வைக்கச் சொன்னேன். இரண்டும் 2 மி.மீ. கனம்தான். எடையில் ஒன்றரை மடங்குதான் கூடும், ஆனால் வளையாமல் நிற்கும் திறன் ஐந்து மடங்குக்கு மேல் கூடும். உயரம் இருமடங்கானால் விறைப்பு அதைவிட வேகமாக ஏறுவதே காரணம். அதே பைப்பைப் படுக்கவைத்தால் இந்த லாபத்தில் பெரும்பகுதி போய்விடும். கட்டட வேலையில் பீமை நிறுத்தி வைப்பதும் இதற்காகத்தான் என்று சொன்னதும் மாமா ஒப்புக்கொண்டார்.

அலுமினியப் புரொஃபைல் எனப்படும், போல்ட் நகரப் பள்ளம் உள்ள கட்டைகள் பற்றியும் பேசினோம். வெளிநாட்டில் இந்தச் சட்டங்களைப் பெரும்பாலும் அதில்தான் கட்டுகிறார்கள். போல்ட் தளர்த்தி எதையும் நகர்த்தலாம் என்பது பெரிய வசதி. ஆனால் விலை கையைக் கடித்தது. அதோடு, அதே அளவும் அதே கனமும் உள்ள இரும்பின் விறைப்பில் அலுமினியத்துக்கு மூன்றில் ஒரு பங்குதான். வெல்டிங் பட்டறை கைவசம் இருக்கும்போது இரும்பை விட வேண்டிய அவசியம் தெரியவில்லை. நகர்த்தும் வசதி வேண்டிய இடங்களில் மட்டும், அதாவது பெடல் தகடு, ஸ்டீயரிங் மேடை, இருக்கை ஆகியவற்றில் நீள்துளை போட்டு போல்ட் வைத்தோம்.

பட்டறையில் நான்கு ஞாயிறுகள்

முதல் ஞாயிறு பைப் வந்தது. 2 மி.மீ. என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வெர்னியரில் அளந்தால் 1.6 இருந்தது. தம்பி "பரவாயில்லைங்க மாமா" என்றார், மாமா கேட்கவில்லை. மெல்லிய பைப்பில் வெல்டிங் ஓட்டை விழும் என்பது அவர் கவலை. விறைப்பில் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பது என் கவலை. திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கடையில், ஒவ்வொரு நீளத்தையும் முனையில் அளந்து வாங்கினோம்.

இரண்டாவது ஞாயிறுதான் உண்மையான வேலை. சூடான வெல்டிங் ஆறும்போது இரும்பை ஒரு பக்கம் இழுக்கும். ஒரு மூலையை முழுதாகப் பற்றவைத்துவிட்டு அடுத்ததுக்குப் போனால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். மாமா எல்லா மூலைகளிலும் முதலில் டேக் எனப்படும் சின்னப் பொட்டு வெல்டிங் மட்டும் அடித்தார். பிறகு மூலைவிட்டம் இரண்டையும் டேப்பால் அளந்தோம். 4 மி.மீ. வித்தியாசம் இருந்தது. ஒரு மூலையைச் சுத்தியலால் தட்டி ஒன்றரைக்குக் கொண்டுவந்த பிறகே முழு வெல்டிங், அதுவும் ஒரு மூலை விட்டு எதிர் மூலை, இடையில் ஆறவிட்டு. பிளைவுட் சட்டம் அரை நாளில் முடிந்ததாம். இதற்கு ஒரு முழு நாள் போனது. ஆனால் தரையில் வைத்தபோது நான்கு காலும் சேர்ந்து உட்கார்ந்தன.

ஸ்டீயரிங் தாங்கும் இரண்டு தூண்களை 40-க்கு 40 பைப்பிலேயே செய்தோம், அடியில் முக்கோணத் தகடு வைத்து. மாடிப்படித் திருப்பத்தில் ஏற்ற வேண்டியிருந்ததால் தூண்களைப் பற்றவைக்காமல் நான்கு போல்ட்டில் பூட்டினோம். பெடலுக்கு 6 மி.மீ. தகடு. ரெட் ஆக்ஸைடு அடித்து மேலே கறுப்புப் பெயின்ட். குதிகால் வைக்கும் இடத்தில் மட்டும் வழுக்காத புள்ளித் தகடு, பெயின்ட் இல்லாமல். எல்லாம் சேர்த்து 36 கிலோ வந்தது.

நாலாவது ஞாயிறு வீட்டில் அதே 60 கிலோ சோதனை. இந்த முறை நுண்ணிய நகர்வை அளக்கும் டயல் கேஜ் வைத்தோம். பெடல் தகடு 0.8 மி.மீ. நகர்ந்தது. இருக்கை முதுகு மட்டும் 3 மி.மீ. ஆடியது. அது சட்டம் அல்ல, பழைய இருக்கையின் சாய்வுக் கீலில் இருந்த தேய்மானம். அதை அப்போதைக்கு விட்டுவிட்டோம்.

திரையையும் இதே நாளில் முன்னால் கொண்டுவந்தோம். கண்ணிலிருந்து 60 செ.மீ. தூரம், 27 அங்குலத் திரை என்றால் விளையாட்டில் வைக்கும் செங்குத்துப் பார்வைக் கோணம் 31 பாகைக்கு மேல் போகக் கூடாது. அவர் அதைவிட மிக அகலமாக வைத்திருந்தார், அதனால் வளைவுகள் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றிக்கொண்டிருந்தன.

பிரேக்: தூரத்திலிருந்து அழுத்தத்துக்கு

பெடலின் உள்ளே நகர்ந்த தூரத்தை அளந்த பொட்டென்ஷியோமீட்டரை எடுத்துவிட்டு, எடை இயந்திரத்தில் வரும், அழுத்தத்தை அளக்கும் லோட் செல்லைப் பொருத்துவது அடுத்த வேலை. கால் தசை எவ்வளவு தூரம் போனோம் என்பதைவிட எவ்வளவு அழுத்தினோம் என்பதை நன்றாக நினைவில் வைக்கும். உண்மையான பந்தயக் காரிலும் பிரேக் பெடல் அதிகம் நகராது, அழுத்தம்தான் கூடும்.

இங்கே ஒரு தவறு நடந்தது. "40 கிலோ மிதிப்பேன், 50 கிலோ செல் போதும்" என்று தம்பி வாங்கினார். நானும் பார்த்துவிட்டுச் சரி என்றேன். நெம்புகோலை இருவருமே கணக்கில் எடுக்கவில்லை. கால் படும் இடம் கீலிலிருந்து 180 மி.மீ., செல்லைத் தள்ளும் கம்பி 60 மி.மீ. காலின் 40 கிலோ அங்கே 120 கிலோவாகப் போய்ச் சேரும். இரண்டே நாளில் கால் எடுத்த பிறகும் எண் சுழியத்துக்குத் திரும்பவில்லை. செல்லின் உலோகம் நிரந்தரமாக வளைந்துவிட்டது. அடுத்து 200 கிலோ செல் வாங்கினோம்.

கணினியோடு இணைக்க ஆர்டுவினோ லியோனார்டோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை. அது தன்னை ஒரு ஜாய்ஸ்டிக்காகக் கணினிக்குக் காட்டிக்கொள்ளும் என்பதால் தனி மென்பொருள் வேண்டியதில்லை. செல்லின் நுண்ணிய மின்னழுத்தத்தைப் படிக்க எச்எக்ஸ்711 சில்லு உள்ள சிறு பலகை. தராசுகளுக்காகச் செய்யப்பட்ட சில்லு அது. கடையில் கிடைக்கும் பலகை வினாடிக்குப் பத்து முறைதான் அளவு தரும். அரிசி நிறுக்க அது போதும். மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் வரும் கார் பத்தில் ஒரு வினாடியில் நான்கு மீட்டருக்கு மேல் கடந்துவிடும். அவ்வளவு தூரத்துக்குக் கால் செய்தது காருக்கே தெரியாது. சில்லில் கிரவுண்டோடு பிணைத்திருந்த ஒரு பின்னைத் தூக்கிச் சோல்டர் மாற்றினால் அதே சில்லு வினாடிக்கு 80 முறை தரும். தம்பி அதைச் செய்தார். மெல்லிய வேலை, முதல் பலகை கெட்டு இரண்டாவதில்தான் சரியாக வந்தது.

பெடல் கல்லை மிதிப்பதுபோல் இருக்கக் கூடாது என்பதற்காகச் செல்லுக்கு முன்னால் ரப்பர் போன்ற பாலியூரித்தேன் புஷ்கள் வைத்தோம், லேத்தில் மூன்று நீளத்தில் வெட்டி. மென்மையானது ஒன்றும் கடினமானது இரண்டும் சேர்த்தபோது தம்பிக்குப் பிடித்த உணர்வு வந்தது. முழு பிரேக் என்பதை 55 கிலோவில் வைத்தோம். அவரால் 80-க்கு மேல் மிதிக்க முடியும், ஆனால் இருபது நிமிடம் தொடர்ந்து ஓட்டும்போது கால் தளரக் கூடாது.

ஒரு குறை மட்டும் இருந்தது. கால் வைக்காதபோதும் பிரேக் அளவு இரண்டு மூன்று சதவீதம் நடுங்கிக்கொண்டே இருந்தது. தம்பி நிரலில் சராசரி எடுக்கும் வடிகட்டி போட்டார். நடுக்கம் மறைந்தது, கூடவே பிரேக் கொஞ்சம் தாமதித்தது. அதோடு விட்டுவிட்டோம். விட்டிருக்கக் கூடாது.

சட்டத்தில் மின்சாரம்

பத்து நாள் கழித்து ஒரு காலை தம்பியின் அம்மா ஈரத் துணியால் தரை துடைக்கும்போது சட்டத்தில் கை பட்டு, சுருக்கென்றது என்று கையை இழுத்துக்கொண்டார். கணினி ஓடிக்கொண்டிருந்தது. தம்பி தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார், அவர் காலில் செருப்பு இருந்தது. அம்மா விடவில்லை. "எனக்கு அடிச்சுதுன்னா அடிச்சுது" என்று சொல்லி மாமாவுக்குப் போன் செய்தார்.

மாமா டெஸ்டர் வைத்தார். குதிகால் தகட்டில் விளக்கு எரிந்தது. அப்போதே எல்லாப் பிளக்கையும் பிடுங்கச் சொன்னார். மாலை நான் மல்டிமீட்டர் எடுத்துப் போனேன். ஓட்டுநர் இல்லாமல், யாரும் தொடாமல், சற்று நேரம் மட்டும் இயக்கி அளந்தோம். சட்டத்துக்கும் தரைக்கும் இடையே நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

காரணம் இதுதான். கணினியின் மின்வழங்கியில் இரைச்சலை வடிகட்ட, மின் கம்பிகளுக்கும் உலோக உறைக்கும் இடையே சிறு மின்தேக்கிகள் இருக்கும். அவை கசியவிடும் மிகச் சிறு மின்னோட்டம் எர்த் வழியாகப் போய்விட வேண்டும். எர்த் இல்லையென்றால் உறை முழுவதும் 230 வோல்ட்டின் பாதி அளவில் மிதக்கும். அந்த உறையிலிருந்து யுஎஸ்பி கம்பிகளின் உலோகம் வழியாகப் பெடலுக்கும் அங்கிருந்து இரும்புச் சட்டத்துக்கும் அது வந்துவிட்டது. பிளைவுட் சட்டமாக இருந்த காலத்திலும் இதே கோளாறு இருந்திருக்கும், மரம் அதை யாருக்கும் காட்டவில்லை. நாங்கள் கட்டிய புதிய சட்டத்தில், பெயின்ட் இல்லாத தகட்டில், வெறுங்காலோடு ஓர் இளைஞர் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

இந்தக் கசிவு மட்டும் இருந்தால் சுருக்கென்ற உணர்வோடு நின்றுவிடும் என்று சொல்லலாம். ஆனால் எர்த் இல்லாத வீட்டில் மின்வழங்கி உள்ளே பழுதாகி முழு மின்சாரமும் உறைக்கு வந்தால் அதைத் தடுக்க எதுவும் இல்லை. உயிர்போகும் விஷயம்.

பழைய வீடு. பிளக் பாயிண்டில் மூன்று துளை இருந்தது, மூன்றாவதின் பின்னால் கம்பியே இல்லை. எலக்ட்ரீஷியன் வந்து அந்த அறைக்கு எர்த் இழுத்து, எர்த் குழியைச் சரிபார்த்து, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி பொருத்தினார். சட்டத்தில் ஓர் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, லக் வைத்து, தனி எர்த் கம்பி பூட்டினோம். அது முடியும்வரை இரண்டு வாரம் சிமுலேட்டரை யாரும் தொடவில்லை.

திரும்ப இயக்கியபோது நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பிரேக் நடுக்கம் போய்விட்டது. லோட் செல் கொடுப்பது சில மில்லிவோல்ட்தான், மிதக்கும் சட்டத்தின் இரைச்சல் அதில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கம் முதல் நாளிலிருந்தே எர்த் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் வடிகட்டி போட்டு அதன் வாயை அடைத்தோம். தம்பி வடிகட்டியை எடுத்துவிட்டார், தாமதமும் நீங்கியது.

விளைவு

ஆறு வாரம் கழித்து அதே மஜியோனே, அதே கார், பத்துச் சுற்று. நல்லதுக்கும் மோசமானதுக்கும் இடையே 0.9 வினாடி. சக்கரம் பூட்டியது ஒரு முறை. மிகச் சிறந்த சுற்றின் நேரம் பெரிதாகக் குறையவில்லை. மாறியது, ஒவ்வொரு சுற்றும் அடுத்ததைப்போல் இருந்ததுதான். இதில் பயிற்சியின் பங்கும் இருக்கிறது, எல்லாவற்றையும் சட்டத்தின் கணக்கில் எழுத மாட்டேன்.

பயிற்சி நாளுக்குத் தம்பி போய் வந்தார். பிரேக் பெடலின் கடினம் அவருக்குப் புதிதாக இல்லை. வளைவில் எங்கே பார்க்க வேண்டும், பிரேக்கை எப்படிப் படிப்படியாக விட வேண்டும் என்பதில் கால் தானாக வேலை செய்தது என்றார். ஆனால் உடம்பு பக்கவாட்டில் இழுபடுவது, கழுத்து வலி, வெயிலில் ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்குவது, கார் பின்னால் வழுக்கப் போவதை இடுப்பு முதலில் உணர்வது, இவை எதையும் வீட்டுச் சட்டம் சொல்லித்தரவில்லை. காலையில் முதல் சில சுற்றுகள் அவர் மிகவும் மெதுவாகவே ஓட்டியிருக்கிறார். அதில் எனக்கு வருத்தமில்லை, பயம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

சட்டத்துக்கும் பிரேக்குக்கும், கெட்ட செல்லும் பலகையும் சேர்த்து, ஆன செலவு 14,000 ரூபாய். மாமா கூலி வாங்கவில்லை. எர்த்துக்கும் ஆர்சிசிபிக்கும் ஆனதைத் தம்பியின் அப்பா வீட்டுச் செலவாக எடுத்துக்கொண்டார்.

மறுபடி செய்தால்

எர்த்தை முதல் நாளே பார்ப்போம், பைப் வாங்கும் முன்பே. இரும்பில் உட்கார்ந்து கணினி ஓட்டப் போகிறோம் என்று தெரிந்தும் மூன்று பேரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. அதில் நான் பம்பு மோட்டாரோடு வேலை செய்பவன். இதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

லோட் செல் வாங்கும் முன் நெம்புகோல் விகிதத்தை எழுதிப் பார்ப்போம். ஸ்டீயரிங் தூண்களை 80-க்கு 40 பைப்பிலேயே செய்வோம். பலமாக பிரேக் பிடிக்கும்போது ஓட்டுபவர் தன்னை அறியாமல் ஸ்டீயரிங்கை இழுக்கிறார், அந்த விசை சின்னதல்ல. இப்போதைய தூண்கள் அதில் லேசாக முன்பின் ஆடுகின்றன. பல்சக்கர ஸ்டீயரிங் இருக்கும் வரை சமாளிக்கலாம், பெரிய மோட்டார் வரும் முன் மாற்ற வேண்டும். இருக்கையின் சாய்வுக் கீலைக் கழற்றிவிட்டு, முதுகை ஒரே கோணத்தில் தகடு வைத்துப் பூட்ட மாமா அளவெடுத்திருக்கிறார். ஒரு மின்விசிறியும் வேண்டும். ஏப்ரல் மாதத்தில் நுரை இருக்கையில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை.

தம்பியின் நண்பர் ஒருவர் இதேபோல் ஒன்று கேட்டிருக்கிறார். போன ஞாயிறு அதற்குப் பைப் வெட்டினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மற்றவை எல்லாம் தரையில் கிடந்தன. நீளப் பைப்பின் பின்முனையில் எர்த் போல்ட்டை மட்டும் மாமா அதற்குள் பற்றவைத்து முடித்திருந்தார்.